எந்தப் பக்கம்?

"எந்தப் பக்கம்?"

இரண்டு மணி நேரத்தில் இந்தக் கேள்வியை அந்த அறையில் இருபது முறையாவது கேட்டிருப்பேன். அரசியல் பேசும் இடத்தில் இப்படிக் கேட்டால் நம் ஊரில் அதற்கு ஒரே பொருள்தான்: நீ எந்தக் கட்சி? ஆனால் இங்கே கேட்டவர்களின் கையில் புத்தகம் இருந்தது. நீ சொல்வது இதில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது, எடுத்துக் காட்டு என்பதுதான் கேள்வி.

கிள்ளானில் ஒரு தாமான். கடைவீட்டின் மேல்மாடியில் டியூஷன் வகுப்பு. மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை, கணித வகுப்பு முடிந்து சிறுவர்கள் இறங்கிப் போனதும், அதே பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு பன்னிரண்டு பேர் உட்காருகிறார்கள். வெள்ளைப் பலகையில் இருபடிச் சமன்பாடு அப்படியே இருக்கிறது. அதை அழிக்கக் கூடாது என்பது இடத்தை இலவசமாகக் கொடுத்திருக்கும் ஆசிரியர் போட்ட ஒரே நிபந்தனை.

வயதில் சிறியவர்கள் படிவம் 4 மாணவர் இருவர். எஸ்.பி.எம். எழுதப் போகிறவர்கள், படிவம் 6, மெட்ரிகுலேஷன், பொதுப் பல்கலைக்கழகம், தனியார் கல்லூரி எனக் கலவையான கூட்டம். ஒருவர் பாலிடெக்னிக் முடித்து ஷா ஆலமில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார். ஷிஃப்ட் மாறினால் அந்த மாதம் அவர் வரமாட்டார். தங்கள் பெயர்களை எழுத வேண்டாம் என்று எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். குழுவுக்கும் பெயர் இல்லை. "பேர் வைக்கிறதுக்கே ஒரு கூட்டம் முழுக்கச் சண்ட போட்டோம் அண்ணா. அதோட விட்டுட்டோம்" என்றார் சட்டம் படிக்கும் மாணவி. வாட்ஸ்அப்பில் மட்டும் 'ஞாயிறு 5 மணி' என்று ஒரு பெயர் இருக்கிறது.

அவர்கள் படிப்பது அரசியல். சமூகப் போராட்டங்களின் வரலாறு. அதுவும் பெரும்பாலும் இந்த நாட்டு வரலாறு.

தொடங்கியது ஒரு மாமாக் கடையில். 2019 ஜூலையில் நாடாளுமன்றம் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்து அரசியலமைப்பைத் திருத்தியது நினைவிருக்கும். 2021 டிசம்பர் 15இல் அது நடைமுறைக்கு வந்தது. 18 வயதானால் பதிவு செய்யாமலேயே வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிவிடும். 2022 நவம்பர் 19இல் நடந்த 15ஆவது பொதுத்தேர்தலில் இவர்களில் நால்வர் முதல் முறையாக ஓட்டுப் போட்டார்கள். விரலில் மை காயும் முன்பே, தே தாரேக் டம்ளர்களைச் சுற்றிக் காரசாரமான விவாதம். யார் பிரதமர், யார் யாரோடு சேரலாம், யார் துரோகி.

"ஒரு மணி நேரம் கத்தினோம். அப்புறம் பாத்தா, நாங்க சொன்னதெல்லாம் டிக்டாக்ல பாத்தது. ஒரே வீடியோவத்தான் ரெண்டு பேரும் பாத்திருக்கோம், ஆளுக்கொரு அர்த்தம் எடுத்திருக்கோம்" என்று சிரித்தார் பாலிடெக்னிக் முடித்தவர். 'எந்தப் பக்கம்' என்ற விதி அன்றே பிறந்துவிட்டது. புத்தகம்தான் பிறகு வந்தது.

முதல் புத்தகம் படுதோல்வி. ஆர்வக்கோளாறில் தடித்த அரசியல் தத்துவ நூல் ஒன்றை எடுத்தார்களாம். மூன்றாவது அத்தியாயத்துக்கு வரும்போது நாற்காலியில் நான்கு பேர்தான். அப்போது அன்று படிவம் 3இல் இருந்த பையன் ஒரு கேள்வி கேட்டான்: "நம்ம கிள்ளான்ல ஏதாவது நடந்திருக்கா அக்கா?"

யாருக்கும் தெரியவில்லை. வரலாற்றுத் துறை மாணவர் ஒருவர் பல்கலைக்கழக நூலகத்தில் தேடி, மைக்கேல் ஸ்டென்சன் 1980இல் எழுதிய 'கிளாஸ், ரேஸ் அண்ட் கொலோனியலிசம் இன் வெஸ்ட் மலேசியா' என்ற நூலை இரவல் எடுத்து வந்தார். அதற்குத் துணையாக சார்ல்ஸ் கம்பாவின் 1962ஆம் ஆண்டு நூல், மலாயாவில் தொழிற்சங்கங்கள் உருவான கதை. இரண்டும் ஆங்கிலம். நூலக முத்திரையின்படி ஒன்றை அதற்கு முன் கடைசியாக எடுத்தவர் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்திருக்கிறார்.

1941, கிள்ளான்

இனி அவர்கள் படித்ததைச் சொல்கிறேன். நம்மில் பலருக்கு இது புதிதாக இருக்கலாம். எனக்கும் பாதி புதிதுதான்.

1930களின் இறுதியில் ரப்பர் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளிக்குக் கிடைத்த தினக்கூலி, அதே வேலை செய்த சீனத் தொழிலாளியின் கூலியைவிடக் குறைவு. 1938இல் இந்திய அரசாங்கம் உதவிக் கட்டணத்தில் மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அடுத்த ஆண்டே ஐரோப்பாவில் போர். ரப்பருக்குத் தேவை கூடியது, கூலி கூடவில்லை. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் வளர்ந்தது. அதை முன்னின்று நடத்தியவர் ஆர். எச். நாதன். அவர் தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றியவர். பத்திரிகைக்காரன் என்ற முறையில் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத் தோன்றியது, மறைப்பானேன்.

1941இன் தொடக்கத்தில் வேலைநிறுத்தம் கூலி உயர்வுக்காகத்தான் ஆரம்பித்தது. ஏப்ரலில் மீண்டும் வெடித்தபோது கோரிக்கைப் பட்டியல் நீண்டுவிட்டது. சீனருக்குச் சமமான கூலி. பிள்ளைகளுக்கு முறையான பள்ளி. மருத்துவ வசதி. கள்ளுக்கடையை மூடுவது. பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு முடிவு. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போவது. பேசவும் கூடவும் சங்கம் அமைக்கவும் உரிமை. குறை சொன்னவனைப் பழிவாங்காமல் இருப்பது. வெள்ளைத் துரைகளும் 'கருப்பு ஐரோப்பியர்'களும் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துவது.

பட்டியலில் இன்னொன்றும் உண்டு. துரைக்கும் தோட்ட அதிகாரிகளுக்கும் எதிரே வரும்போது சைக்கிளிலிருந்து இறங்காமல் போக அனுமதி.

மே 6ஆம் தேதி நாதன் கைது செய்யப்பட்டார். பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கைதுக்குப் பிறகு வேலைநிறுத்தம் அடங்கவில்லை. சிலாங்கூர் முழுவதும் பரவி நெகிரி செம்பிலானையும் தொட்டது. மே 16இல் சிலாங்கூரில் அவசரநிலை. துருப்புகள் இறக்கப்பட்டன. அதில் இந்தியப் படையினரும் இருந்தனர். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அதன் பிறகு இந்த ஐந்து பேரைப் பற்றிப் பேச யாருக்கு நேரம்?

"செஜாராவுல ஏ பிளஸ் எடுத்தவன் நான். இத நான் கேள்விப்பட்டதே இல்ல" என்றார் மெட்ரிகுலேஷன் மாணவர். அவருடைய வீடு முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து, பிறகு செம்பனையாகி, பிறகு தாமான் ஆன நிலத்தில் இருக்கிறது.

ஒரு சைக்கிள், இரண்டு மணி நேரம்

நான் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கோரிக்கைப் பட்டியலுக்கு அவர்கள் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருந்தார்கள். காரணம், அந்தச் சைக்கிள். படிவம் 5 மாணவர் ஒருவர் விடுவதாயில்லை.

"சம்பளம் கேட்டாங்க, சரி. ஸ்கூல் கேட்டாங்க, சரி. சைக்கிள்ல இருந்து இறங்குறதுல என்ன வந்துச்சு? ரெண்டு செகண்ட் வேல. அதுக்குப் போயி துப்பாக்கி முன்னால நிப்பாங்களா?"

"அதுக்காக மட்டும் நின்னாங்கன்னு எங்க இருக்கு? எந்தப் பக்கம்?"

பக்கம் புரட்டப்பட்டது. மட்டும் என்று எங்கேயும் இல்லை. அவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் கேள்வியை விடவில்லை.

அவர்களில் ஒருவருடைய கொள்ளுப்பாட்டிக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். 1941இல் சிறுமி. நேரில் பார்த்த சாட்சி கிடைத்துவிட்டார் என்ற பரபரப்பில் மூன்று பேர் கைப்பேசியில் ஒலிப்பதிவுக்குத் தயாராகப் போனார்களாம். பாட்டிக்கு வேலைநிறுத்தம் நினைவில் இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்றது நினைவிருக்கிறது. சயாம் ரயில் போட ஆள் பிடித்துப் போனது நினைவிருக்கிறது. 'சைக்கிள்ல போனா துரையப் பாத்து இறங்கணுமாமே பாட்டி' என்று எடுத்துக் கொடுத்துப் பார்த்தார்கள்.

"சைக்கிளா?" என்றாராம் பாட்டி. "எங்கப்பாகிட்ட ஏதுய்யா சைக்கிளு?"

பதிவு அத்தோடு முடிகிறது. அன்று ஏமாற்றத்தோடு திரும்பியவர்களுக்கு, பாட்டி கொடுத்த பதில் புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வி என்பது அடுத்த கூட்டத்தில்தான் உறைத்தது. லயத்தில் சைக்கிள் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? சைக்கிளே இல்லாத ஒருவர், சைக்கிளிலிருந்து இறங்காத உரிமைக்காக ஏன் வேலைக்குப் போகாமல் நின்றார்?

இதற்குத்தான் அந்த இரண்டு மணி நேரம். சுருக்கிச் சொல்கிறேன். இறங்குவது இரண்டு விநாடி வேலைதான், ஆனால் தன் காசில் வாங்கிய பொருளின் மேல் உட்காரக்கூட அடுத்தவன் அனுமதி வேண்டும் என்பதை அந்த இரண்டு விநாடி தினமும் சொல்கிறது என்றார் சட்ட மாணவி. சைக்கிள் இல்லாதவன் நடந்து போகும்போது துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்திருப்பான், அவனுக்கும் அது தெரிந்த கதைதான் என்று தாத்தா சொல்லக் கேட்டதைப் பகிர்ந்தார் இன்னொருவர். அது எந்தப் பக்கம் என்று யாரோ கேட்க, "எங்க வீட்டுப் பக்கம்" என்றார். சிரிப்பு. ஆனால் குறிப்பில் 'கேள்வி வழி' என்று தனியாக எழுதிக்கொண்டார்கள். புத்தகத்தில் படித்ததையும் காதால் கேட்டதையும் கலக்கக் கூடாது என்பதில் இவர்கள் கறாராக இருக்கிறார்கள். நம்முடைய பெரியவர்களின் மேடைப் பேச்சுகளில் இந்தக் கறார் கொஞ்சம் இருந்தால் தேவலை.

வரலாற்று மாணவர் வேறொரு சிக்கலைக் கிளப்பினார். அவர் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் போல. இந்தச் சம்பவத்தைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி ஆங்கிலேய அதிகாரிகளின் கோப்புகளிலிருந்தும் அன்றைய பத்திரிகைகளிலிருந்தும் வருவது. தொழிலாளி எழுதி வைத்தது மிகக் குறைவு. அப்படியானால் கள்ளுக்கடையை மூடச் சொன்னது தொழிலாளியா, படித்த தலைவர்களா? வெளியாள் வந்து தூண்டிவிட்டான் என்று அதிகாரிகள் சொன்னதில் கொஞ்சமாவது உண்மை இருக்காதா?

அறை கொதித்தது. அப்போது, அதுவரை வாயே திறக்காத படிவம் 4 மாணவி கையைத் தூக்கினார். இங்கே யாரும் கை தூக்கிப் பேசுவதில்லை, பள்ளிப் பழக்கம்.

"தூண்டினவரப் பிடிச்சு உள்ள போட்டாச்சு. அப்புறம் ஏன் ஸ்ட்ரைக் பெருசாச்சு?"

எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. கைது நடந்த தேதியும் அவசரநிலைத் தேதியும் எல்லார் கையிலும் இருந்தன.

அதே மாணவி கேட்ட இன்னொரு கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. சீன ஆணுக்குச் சமமாகத் தமிழ் ஆணுக்குக் கூலி கேட்டார்கள். பால் வெட்டிய பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த கூலிதானே, அதைச் சமமாக்கச் சொல்லி யாராவது கேட்டார்களா? படித்த பட்டியலில் அப்படி ஒரு வரி இல்லை. பெண்கள் அதில் வருகிறார்கள், தொழிலாளியின் வீட்டுப் பெண்களாக. கேள்வி 'தெரியாது நோட்டு'க்குப் போனது. பச்சை அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் அது. பதில் கிடைக்காத கேள்விகள் எண்ணிட்டு எழுதப்பட்டிருக்கின்றன. அன்றைய கேள்வியின் எண் 41.

வேலையும் விளையாட்டும்

எப்படிப் படிக்கிறார்கள் என்று மாணவர்கள் சிலர் கேட்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முழுப் புத்தகத்தையும் எல்லாரும் படிப்பதில்லை. ஒருவருக்கு ஓர் அத்தியாயம், சிறியவர்களுக்கு ஐந்தாறு பக்கம். படித்தவர் தமிழில் சொல்ல வேண்டும், தாளைப் பார்த்து வாசிக்கக் கூடாது. ஆங்கிலம் தடுமாறுகிறவர் மலாய் நூலை எடுத்துக்கொள்கிறார். மொழிபெயர்ப்பில்தான் வேடிக்கை. 'கருப்பு ஐரோப்பியர்' யார் என்று புரியாமல் ஒரு வாரம் திண்டாடியிருக்கிறார்கள். வீட்டில் கேட்டபோது 'கருப்புத் துரைங்கதான்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார் ஒரு தாத்தா. வெள்ளைத் துரையைப் போல நடந்துகொண்ட நம்மவர்கள். கிராணி, தண்டல், பெரட்டு, மங்கு என்று அகராதி ஒன்றும் அந்தப் பச்சை நோட்டின் பின்பக்கத்தில் வளர்ந்துகொண்டிருக்கிறது.

காசு செலவு அதிகமில்லை. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை மின்னாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. 1941ஆம் ஆண்டு ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பக்கங்களை அங்கேதான் தேடிப் பார்த்தார்கள். ஒரே சம்பவத்தைப் பத்திரிகை எப்படிச் சொன்னது, புத்தகம் எப்படிச் சொல்கிறது என்று ஒப்பிடுவதற்கே ஒரு கூட்டம் போனது.

பக்கத்து ஷா ஆலமில் 2011இல் தொடங்கிய 'புக்கு ஜாலானான்' இளைஞர்கள் ஏரிப் பூங்காவில் பாய் விரித்துப் புத்தகங்களை அடுக்கி, யார் வேண்டுமானாலும் இலவசமாக இரவல் எடுத்துப் போகலாம் என்றார்கள். அது பல ஊர்களுக்குப் பரவியது. நம்மிடமும் அதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை வந்தபோது, அங்கே தமிழ் நிலைக்க வேண்டும் என்று கோ. சாரங்கபாணி தமிழ் முரசு வழியாக 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் இருக்க வேண்டும் என்பதற்காகக் கொடுத்தவர்களில், அந்த நூலகத்துக்குள் ஒருபோதும் நுழைய முடியாத கூலித் தொழிலாளர்களும் உண்டு.

தமிழர் கதையோடு மட்டும் நிற்கக் கூடாது என்று முடிவெடுத்து, பாலிங் பற்றி இரண்டு கூட்டம் படித்திருக்கிறார்கள். 1974இல் ரப்பர் விலை சரிந்து கெடா பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் வீதிக்கு வந்தார்கள். அவர்களுக்காகப் பல்கலைக்கழக மாணவர்கள் டிசம்பரில் கோலாலம்பூரில் திரண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைது. அடுத்த ஆண்டு பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம், அதாவது ஆக்கு, மேலும் இறுக்கப்பட்டது. அன்று தடுத்து வைக்கப்பட்டவர்களில் ஒருவர்தான் 2022 நவம்பரில் நாட்டின் பிரதமரானவர். அந்த இரண்டு கூட்டங்களுக்கும் பல்கலைக்கழகத்து மலாய் நண்பர் ஒருவர் வந்திருந்தார். பேச்சு முழுவதும் மலாயில் நடந்தது. அவருடைய தாத்தாவும் பால் வெட்டியவர். உளி பிடித்த கையில் காய்ப்பு விழும் இடம் இரு வீட்டிலும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

அப்பா சொன்னது

இதெல்லாம் சுமுகமாக நடக்கிறது என்று எழுதிவிட்டுப் போக எனக்கு ஆசைதான். ஆனால், பதினான்கு பேராக இருந்த குழு பன்னிரண்டு ஆனது வீட்டில் விடாததால். மூன்றாவதாக ஒருவர் போயிருக்க வேண்டியது.

படிவம் 6 படிக்கும் மாணவி அவர். அப்பா லாரி ஓட்டுநர். மகள் ஞாயிறுதோறும் டியூஷனுக்குப் போகிறாள் என்று நினைத்திருந்தவருக்கு, மாதத்தில் ஒரு நாள் நடப்பது வேறு என்று தெரிந்தது மேசை மேல் கிடந்த நகலைப் பார்த்துத்தான். முதல் பக்கத்திலேயே வேலைநிறுத்தம் என்ற சொல்.

"அரசியல் எல்லாம் வேணாம். எஸ்.டி.பி.எம். முடி. யூனிக்குப் போ. அப்புறம் என்ன வேணா படி."

மகள் வாதாடினார். இது அரசியல் இல்லை, வரலாறு என்றார். நான் அங்கே என்ன கற்றேன் என்று உங்களுக்குத் தெரியுமா என்றார். கடைசியில், எல்லா வீட்டிலும் வரும் அந்த வாக்கியத்தையும் சொல்லிவிட்டார்: உங்களுக்கு இதெல்லாம் புரியாதுப்பா.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நான் போனவன். அதனாலதான் சொல்றேன்."

2007 நவம்பர் 25. கோலாலம்பூரில் இண்ட்ராஃப் பேரணி. ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததிக்கு நீதி கேட்டு, பிரிட்டிஷ் தூதரகத்தில் மனு கொடுக்க ஆயிரக்கணக்கானோர் திரண்ட நாள். கண்ணீர்ப்புகையும் தண்ணீர் பீய்ச்சியும் அவர்களை எதிர்கொண்டன. அடுத்த மாதம் ஐந்து தலைவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான இசாவில் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டார்கள். அந்தக் கூட்டத்தில் அவர் இருந்திருக்கிறார். மகள் அப்போது கைக்குழந்தை. எரியும் கண்ணோடு வீடு திரும்பியதையும், வேலை போய்விடுமோ என்று வாரக்கணக்கில் பயந்ததையும், இரவில் வாசலில் கார் நின்றால் விழித்துக்கொண்டதையும் அவர் பதினெட்டு ஆண்டுகளாக வீட்டில் சொன்னதில்லை. அம்மாவுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது.

"1941ல என்ன நடந்துச்சுன்னு தேதியோட தெரியும் எனக்கு. எங்கப்பா 2007ல எங்க இருந்தாருன்னு தெரியல" என்றார் அந்த மாணவி. இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, வெள்ளைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெற்றோரின் பயத்தை எள்ளி நகையாடுவது எளிது. இந்தப் பக்கத்துக்கு எழுதும் நாங்களும் அதைச் செய்ததுண்டு. ஆனால் அந்தப் பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு, தேதிகள் உண்டு. 2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது அங்கே இருந்ததற்காக மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் நான்கு மாணவர்கள் மீது ஆக்கு சட்டத்தின் கீழ் ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது. நால்வரும் படித்த பாடம் என்ன தெரியுமா? அரசியல் அறிவியல். தேர்தலைப் பற்றிப் படிப்பவர் தேர்தல் நடக்கும் ஊரில் நிற்கக் கூடாது! அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2011 அக்டோபர் 31இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மாணவர்கள் கட்சிக்கு ஆதரவோ எதிர்ப்போ காட்டுவதைத் தடுத்த அந்தப் பிரிவு அரசியலமைப்பின் 10ஆவது விதி தரும் பேச்சுரிமைக்கு முரணானது என்று இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. 2012இல் சட்டம் திருத்தப்பட்டு மாணவர்கள் கட்சியில் சேர வழி பிறந்தது. இசாவும் அதே ஆண்டு ரத்தானது. வளாகத்துக்குள் கட்சி நடவடிக்கைக்கு இருந்த தடை 2018 டிசம்பரில் நிறைவேறிய திருத்தத்தில் நீங்கியது. ஆக, அப்பா பயந்த சட்டங்களில் ஒன்று இப்போது இல்லை, மற்றொன்று அன்றிருந்த வடிவில் இல்லை. ஆனால் இசா போன பின் வேறு பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன என்பதையும் சட்ட மாணவி உடனே நினைவூட்டினார். அவர் அப்படித்தான், நல்ல செய்தியை முழுதாகச் சொல்ல விடமாட்டார்.

குழுவுக்குள்ளும் ஒரு பிளவு இருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை. பாலிடெக்னிக் முடித்தவருக்குப் படித்துக்கொண்டே இருப்பதில் சலிப்பு வந்துவிட்டது. அவர் வேலை செய்யும் இடத்தில் வங்காளதேசத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். "1941ல நம்ம ஆளுங்க கேட்டதுல பாதிய இவங்க இப்பக் கேக்கணும். சொந்தக்காரன் வந்து பாக்க முடியாது, பேச முடியாது. நாம இங்க உக்காந்து பக்கம் புரட்டிக்கிட்டு இருக்கோம்" என்றார். சட்ட மாணவி, நாம் ஒரு வாசிப்புக் குழு, படிவம் 4 பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறு எதிலும் இறங்க முடியாது என்றார். குரல் உயர்ந்தது. அன்று அது முடிவுக்கு வரவில்லை. ஆனால் வெளிநாட்டுத் தொழிலாளர் பற்றிய புத்தகம் ஒன்றை அவரே தேடித் தர வேண்டும் என்றும், முடிந்தால் உடன் வேலை செய்பவர் ஒருவரை விருந்தினராக அழைத்து வர வேண்டும் என்றும் பேசிக்கொண்டார்கள். அவர் முகத்தில் திருப்தி இல்லை. இருந்தாலும் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.

மணி ஏழு தாண்டியது. நாற்காலிகளைப் பழையபடி வரிசையாகப் போட்டார்கள். அடுத்த மாதம் அந்த நான்கு மாணவர்கள் வழக்கின் தீர்ப்பையே படிப்பதாக முடிவு. சட்ட மாணவி நகல் எடுத்து வருவார். நகல் செலவு தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, படிவம் 6 மாணவி குறுக்கிட்டார்.

"எனக்கு ரெண்டு வேணும்."

அப்பா ஒரு நிபந்தனையோடு விட்டிருக்கிறாராம். அடுத்த முறை அவரும் வந்து பின்னால் உட்காருவார். பேச மாட்டார், கேட்பார். ஆங்கிலம் அவ்வளவாக வராது, அதனால் முக்கியமான பகுதிகளை யாராவது தமிழில் எழுதித் தந்தால் நல்லது.

அந்த வேலையை எடுத்துக்கொண்டவர், அன்று முழுவதும் சைக்கிளை விடாத படிவம் 5 மாணவர். சட்ட மாணவி தாளில் 12 என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு 13 என்று எழுதினார்.